நாற்பது அறையுள்ள சுண்ணாம்பு விடுதி

டிசம்பர் 17

ரத்த அழுத்தம் 158/96.

இது டாக்டர் வாங்கச் சொன்ன நோட்டு. தினமும் காலையில் அழுத்தத்தைப் பார்த்து எழுத வேண்டுமாம். "கூடவே மனசுல என்ன ஓடுதுன்னும் ரெண்டு வரி எழுதுங்க" என்றார். என் மனசில் கட்டடம்தான் ஓடும். முப்பத்தொரு வருடமாக அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

விஷயம் இதுதான். எங்கள் செங்காந்தள் பல்கலைக்கழகத்தில் இந்த வருடம் வெளிநாட்டுப் பையன்கள் நாற்பது பேரைச் சேர்த்துவிட்டார்கள். தான்சானியா, நேபாளம், பூட்டான், இன்னும் நான் உலகப் படத்தில் தேடிக் கண்டுபிடித்த இரண்டு நாடுகள். சேர்த்த பிறகுதான் தங்க இடமில்லை என்பது ஞாபகம் வந்திருக்கிறது. வெளியே வாடகைக்குக் கேட்டால் வீட்டுக்காரர்கள் பையன்களின் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டு மடங்கு சொல்கிறார்கள். ஆகவே குறைந்த செலவில் ஒரு விடுதி. அதை வடிவமைக்கும் பொறுப்பு என்னுடையது. இங்கே கட்டுமானப் பிரிவில் இருக்கும் ஒரே கட்டடக் கலைஞன் நான் என்பதால் போட்டி இல்லை.

நேற்று மார்கழி பிறந்தது. ஒரு மாதம் கல்யாணம் கிடையாது, பல்கலைக்கழகத்தை நடத்தும் அறக்கட்டளையின் கல்யாண மண்டபம் சும்மா கிடக்கும். அதில் நாற்பது கட்டிலைப் போட்டுப் பையன்களைக் குடியேற்றிவிட்டார் பதிவாளர் கோவர்த்தனன். தை பிறப்பதற்குள் என் வரைபடத்துக்கு ஒப்புதல் வாங்கி அஸ்திவாரம் தோண்ட வேண்டும்.

எனக்கு ஒரு யோசனை வந்திருக்கிறது. காகிதத்தில் காட்டினால் ஒப்புதல் தருகிற குழுவில் யாருக்கும் புரியாது. தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தலையாட்டுவார்கள். அதற்குப் பதிலாக மண்டபத்துத் தரையிலேயே விடுதியை நிஜ அளவில் சுண்ணாம்புத் தூளால் வரைந்துவிட்டால்? பையன்கள் அந்தக் கோடுகளுக்குள் ஒரு மாதம் வாழ்ந்து காட்டட்டும். அதற்கு மேல் யார் என்ன குறை சொல்ல முடியும்?

சுலோச்சனா இன்னும் உடுமலையில் தங்கை வீட்டில்தான் இருக்கிறாள். ஐப்பசியில் போனாள். முதுகு வலி. சரியானதும் வருவாள். இதற்கும் ரத்த அழுத்தத்துக்கும் சம்பந்தமில்லை.

டிசம்பர் 18

158/94.

கோடு போட்டாயிற்று. வார்டன் ருக்மாங்கதன் ஓய்வு பெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். முப்பது வருடம் கபடிக்கும் கோகோவுக்கும் களம் கிழித்த கை. "கோடுன்னா எங்கிட்ட விட்டுருங்க சார்" என்று கயிறு, டேப், சுண்ணாம்பு வாளியோடு இறங்கினார். சாயங்காலத்துக்குள் நாற்பது அறைகள், வாசலுக்கு இடைவெளி விட்டு, நடுவில் தாழ்வாரத்தோடு. பத்தடிக்கு ஒன்பதடி. ஆளுக்கு ஒன்று.

ஆளுக்கு ஓர் அறை என்பது என் கொள்கை. என் சொந்த வீட்டையும் அப்படித்தான் கட்டினேன். கீழே எனக்கு, மாடியில் சுலோச்சனாவுக்கு. ஒருவர் இருமினால் இன்னொருவருக்குக் கேட்காது. பார்க்க வந்த இன்ஜினியர்கள் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பாராட்டினார்கள்.

நிதி கொடுக்கிறவர்களின் படிவத்தில் 'சமூக உணர்வை வளர்க்கும் பொது இடம்' என்று ஒரு கட்டம் இருந்தது. சமூக உணர்வை எத்தனை சதுர அடியில் வளர்ப்பது என்று எழுதவில்லை. மேடைக்கும் தூணுக்கும் நடுவில் முக்கோணமாக ஒரு துண்டு மிஞ்சியது. அதில் 'பொதுச் சமையலறை' என்று எழுதினேன்.

பராக்கா என்று ஒரு தான்சானியாப் பையன். மெஸ் சமையல்காரரிடம் தமிழ் கற்றுக்கொண்டிருக்கிறான். என்னைவிட நன்றாகக் கோயமுத்தூர் பாஷை பேசுகிறான். முக்கோணத்துக்குள் போய் நின்று பார்த்துவிட்டுக் கேட்டான்:

"ஏனுங்க சார், இதுக்குள்ள நிக்கறதுங்களா, சமைக்கறதுங்களா? ரெண்டும் ஒண்ணா ஆகாதுங்களே."

படிப்பதற்குத்தானே வந்திருக்கிறாய் என்றேன்.

டிசம்பர் 20

150/92.

முதல் நாள் பையன்கள் கோட்டைக் கோடாகவே நினைத்து இஷ்டத்துக்குத் தாண்டினார்கள். அப்படியென்றால் சோதனைக்கு அர்த்தமே இல்லை. வார்டனிடம் சொன்னேன். சொன்னதுதான் தாமதம், விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். கோட்டை மிதித்தால் விசில். கட்டிலில் போய் உட்கார்ந்துவிட்டு, வாசல் வழியாகத் திரும்ப வர வேண்டும். காலையில் நூற்றுப் பதினாறு விசில். சாயங்காலம் ஒன்பது.

டிசம்பர் 21

சுண்ணாம்பு மூக்கில் ஏறித் தும்மல். இட்லி மாவு புளித்துப் பொங்கிவிட்டது. ஒரு ஆளுக்கு எவ்வளவு ஆட்டுவது என்று இன்னும் பிடிபடவில்லை.

டிசம்பர் 24

146/90. மண்டபத்துக்குப் போகிற நாட்களில் குறைகிறது. ஏ.சி. காரணமாக இருக்கலாம்.

இப்போது விசில் தேவைப்படுவதில்லை. பையன்கள் தாங்களாகவே வாசல் வழியாகப் போய் வருகிறார்கள். வாசலில் குறுக்கே துண்டு போட்டிருந்தால் கதவு சாத்தியிருக்கிறது என்று அர்த்தம். அப்போது வெளியே நின்று காற்றில் விரலை மடக்கி, வாயால் "டொக் டொக்" என்று சொல்ல வேண்டும். உள்ளே இருக்கிறவன் 'வா' என்றால் போகலாம். எட்டாம் அறைப் பையன் ஒன்பதாம் அறையில் பாட்டுச் சத்தம் அதிகம் என்று புகார் எழுதிக் கொடுத்தான். அதில், 'சுவர் இருப்பதால் ஓரளவு பரவாயில்லை' என்றும் எழுதியிருந்தான். அந்த வரியை நான்கு முறை படித்தேன்.

இருபத்து மூன்றாம் அறையில் சுமன் தாமாங், நேபாளம். சாதுவான பையன். ஜன்னல் வேண்டும் என்றான். இரண்டு சின்னக் கோடு போட்டுக் கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் இருபத்து நாலாம் அறையிலிருந்து பராக்கா வந்துவிட்டான். ஜன்னல் அவன் அறைக்குள் திறக்கிறதாம். ஆனால் அவன் புகார் சொல்லவில்லை. ஜன்னல் வழியாக இருவரும் டீ கொடுத்து வாங்கிக்கொள்கிறார்களாம், நன்றாக இருக்கிறதாம், பெரிதாக்கிக் கொடுங்கள் என்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஜன்னலை அழித்துச் சுவரை அடைத்தேன். எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன்:

"சுவத்துக்கு அந்தப் பக்கம் நடக்கறது நம்ம சமாச்சாரம் இல்லீங்க. எட்டிப் பாக்கறது, ஒட்டுக் கேக்கறது எல்லாம் நாகரிகம் கெடையாது. ஒருத்தன் கதவச் சாத்துனா, சாத்துனதுதான்."

பையன்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

டிசம்பர் 28

170/100.

சுலோச்சனா போன் பண்ணினாள். கேஸ் புத்தகம் பீரோவில் மேல்தட்டில் இருக்கிறது என்றாள். சரி என்றேன். மழை பெய்ததா என்றாள். இல்லை என்றேன். அப்புறம் கொஞ்ச நேரம் இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டிருந்தோம். வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டேன். வேலை இருந்தது.

ஜனவரி 2

142/88.

பதிவாளர் கோவர்த்தனன் பார்வையிட வந்தார். மண்டபத்துக்குள் நுழைந்து நேராக என்னை நோக்கி நடந்தார். மூன்றாம் அறைச் சுவர், ஏழாம் அறைச் சுவர், அப்படியே பதினொன்று. ருக்மாங்கதன் தன்னை மறந்து ஊதிவிட்டார். குளித்துவிட்டு வந்து துண்டோடு நின்றிருந்த ஏழாம் அறைப் பையன், "சார், ப்ளீஸ், நான் உடை மாற்றுகிறேன்" என்றான்.

பதிவாளர் முகம் சிவந்துவிட்டது. "ஸாரி ஸாரி" என்று சொல்லிக்கொண்டே பின்னால் திரும்பி, வாசலைத் தேடி வெளியே போய், தாழ்வாரம் வழியாக இரண்டு திருப்பம் திரும்பி என்னிடம் வந்தார். வரும்போது ஓரிடத்தில் தலையைக் குனிந்தார். அங்கே நான் நிலைவாசல் எதுவும் வரையவில்லை.

"அபாரம் மிஸ்டர் நாச்சிமுத்து. கட்டடம் நல்லா வந்திருக்கு" என்றார்.

முப்பத்தொரு வருடத்தில் இப்படி ஒரு வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டதில்லை. வீட்டுக்கு வரும்போது அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கி வந்தேன். இரண்டு துண்டுக்கு மேல் தின்ன முடியவில்லை.

ஜனவரி 5

கடிதம் வந்திருக்கிறது. அப்படியே எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு எனக்கே நம்பிக்கை வராது.

'கல்யாண மண்டபத்தில் இயங்கிவரும் வெளிநாட்டு மாணவர் விடுதி மிகக் குறைந்த செலவில், மாணவர்களின் முழுத் திருப்தியுடன் அமைந்திருப்பதைக் குழு பாராட்டுகிறது. எனவே புதிய கட்டடம் தேவையில்லை எனத் தீர்மானிக்கப்பட்டது. தற்போதுள்ள சுவர்களை நிரந்தரமாக்கும் பொருட்டு எனாமல் பெயின்ட் அடிக்கவும். 19-ஆம் தேதி தாளாளர் திறந்து வைப்பார். கட்டடப் பணி நிறைவுச் சான்றிதழில் தாங்கள் கையெழுத்திட வேண்டும்.'

இனிமேல் கல்யாணங்களைக் கீழே சாப்பாட்டுக் கூடத்தில் வைத்துக்கொள்வார்களாம்.

ஜனவரி 7

பதிவாளரிடம் போய் அரை மணி நேரம் வாதாடினேன். சுவர் இல்லையே என்றேன். "நான் எந்த வழியா வந்தேன்னு நீங்களே பாத்தீங்களே" என்றார். கூரை மண்டபத்துக் கூரைதானே என்றேன். "அதான் செலவு மிச்சம்" என்றார். கடைசியில், "குடியிருக்கிற பையன்ல ஒருத்தன் புகார் குடுக்கட்டும். அப்பப் பாக்கலாம்" என்று முடித்துவிட்டார்.

மண்டபத்துக்கு ஓடினேன். கேவலமாக இருந்தது, ஆனாலும் அறை அறையாகப் போய், துண்டு போட்ட வாசலில் எல்லாம் டொக் டொக் சொல்லி, புகார் கொடுங்கள் என்று கெஞ்சினேன். பாவம், பையன்களுக்கு என் மேல் மரியாதை. பூட்டான் பையன் ரொம்ப யோசித்து, 'கதவு கொஞ்சம் கிறீச்சிடுகிறது' என்று எழுதிக் கொடுத்தான். அதையும் உடனே அடித்துவிட்டு, எண்ணெய் போட்டுச் சரி செய்துவிட்டேன் என்றான்.

பராக்காவிடம் சொன்னேன்: "உங்களுக்கு நெசமான செவுரு கெடைக்காமப் போயிரும்டா. வருசக்கணக்குல இப்படியே கெடப்பீங்க."

"நீங்க இத்தன கஷ்டப்பட்டுக் கட்டுனதுங்க சார். அதப் போயி எப்பிடிங்க கொறை சொல்றது?" என்றான்.

ஜனவரி 10

எனாமல் அடித்தாயிற்று. சாம்பல் நிறம். காயும்வரை பையன்கள் அவரவர் கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சாப்பாட்டை மேடையிலிருந்து பொட்டலமாக வீசினோம். ருக்மாங்கதன் குறி தப்பவே இல்லை.

ஜனவரி 13

போகி. காலையில் சான்றிதழ்க் கோப்புக்குப் படம் எடுக்க மண்டபத்து மேடையில் ஏறினேன். அங்கிருந்து பார்த்தால் நாற்பது அறையும் ஒரே பார்வையில் தெரிகிறது. இருபத்து இரண்டில் ஒருவன் சவரம் செய்துகொண்டிருந்தான். இருபத்து நாலில் பராக்கா சட்டை தேய்த்துக்கொண்டிருந்தான். நடுவில் இருபத்து மூன்றில் சுமன் சுருண்டு கிடந்தான். போர்வைக்குள் உடம்பு உதறிக்கொண்டிருந்தது. கட்டிலுக்குக் கீழே ஒரு தட்டு. அதில் தோசை காய்ந்து வளைந்து போயிருந்தது.

"அவனுக்கு என்னாச்சு?" என்று மேடையிலிருந்தே கேட்டேன்.

"தெரியலீங்க சார். கதவு சாத்தியிருக்குதுங்க" என்றான் பராக்கா.

"எப்பருந்து?"

"முந்தாநேத்துச் சாயந்திரத்துல இருந்துங்க."

"சத்தம் ஒண்ணும் கேக்கலையா?"

"மொனகறது கேட்டுச்சுங்க. அழுவறாப்லயும் இருந்துச்சுங்க." இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சொன்னான்: "சுவத்துக்கு அந்தப் பக்கம் நடக்கறது நம்ம சமாச்சாரம் இல்லைன்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

கேலி இல்லை. பாடம் ஒப்பிப்பது போலத்தான் சொன்னான். சொல்லி முடித்ததும்தான் தான் சொன்னது அவனுக்கே கேட்டிருக்க வேண்டும். முகம் மாறிவிட்டது.

மேடையிலிருந்து அந்தக் கட்டிலுக்கு நேராகப் போனால் பன்னிரண்டு எட்டு. நான் படியிறங்கி, தாழ்வாரத்தில் நடந்து, இடப்பக்கம் திரும்பி, மறுபடி இடப்பக்கம் திரும்பி, இருபத்து மூன்றாம் அறை வாசலுக்குப் போனேன். குறுக்கே துண்டு கிடந்தது. விரலை மடக்கி டொக் டொக் என்றேன். பதிலுக்குக் காத்திருந்தேன்.

இதை எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எவ்வளவு நேரம் காத்திருந்தேன் என்று தெரியவில்லை. வார்டன்தான் "சார், சார்" என்று பின்னாலிருந்து உலுக்கினார்.

உள்ளே போய்த் தொட்டால் சுமனின் நெற்றி கொதித்தது. நானும் பராக்காவும் தூக்கினோம். நூற்று நான்கு டிகிரி. டெங்கு. இன்னொரு நாள் விட்டிருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், என் முகத்தைப் பார்த்துவிட்டு மருந்துச் சீட்டை எழுதத் தொடங்கினார். பராக்கா ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவனிடம் ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஐப்பசியில் எங்கள் வீட்டு மாடி அறைக் கதவு மூன்று நாள் சாத்தியிருந்தது. காபியை வாசலில் வைத்துவிட்டு இறங்கி வந்துவிடுவேன். அது வேறு விஷயம்.

ஜனவரி 15

மாட்டுப் பொங்கல். நேற்று வீட்டில் பொங்கல் வைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் சுமனுக்கு ரத்த அணு ஏறுகிறது. தெரிந்த நாலு தமிழ் வார்த்தைகளை வைத்து மெதுவாகச் சொன்னான்:

"சார் கதவு தட்டினீங்க. நான் கேட்டேன். 'வாங்க' சொல்ல... வாய் வரலே."

வெளியே வந்து தண்ணீர்க் குழாயில் முகம் கழுவினேன். திரும்ப உள்ளே போக நேரமாயிற்று.

ஜனவரி 18

நாளை திறப்பு விழா. கையெழுத்துப் போட்டால் இன்னும் பத்து வருடத்துக்கு இங்கே வருகிற பையன்கள் இந்தக் கோட்டுக்குள்தான் கிடப்பார்கள். போடாவிட்டால் வேறு யாரையாவது வைத்துப் போட்டுக்கொள்வார்கள். ஓய்வு பெற எனக்கு இன்னும் பதினான்கு மாதம். சாதம் குழைந்துவிட்டது. மோர் ஊற்றிக் குடித்தேன்.

ஜனவரி 19

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பிரதான வாசல் கோட்டில் இரண்டு பேர் ரிப்பனைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தாளாளர் வெட்டினார். கைதட்டல். தாழ்வாரம் வழியாக அவரை அழைத்துப் போய் மேடைக்குக் கீழே போட்டிருந்த மேசைமுன் உட்கார வைத்தார்கள். சான்றிதழை என் பக்கம் தள்ளிப் பதிவாளர் பேனாவைத் திறந்து கொடுத்தார்.

"கையெழுத்துப் போட முடியாதுங்க. கட்டடத்துல கொறை இருக்குது" என்றேன்.

"என்ன குறை?"

"செவுரு ரொம்பப் பலமா இருக்குதுங்க."

தாளாளர் பதிவாளரைப் பார்த்தார். "பலமா இருந்தா நல்லதுதானே?" என்றார் பதிவாளர்.

அவருக்கு எப்படி விளக்குவது? எழுந்து நேராக நடந்தேன். பராக்காவின் அறைக்குள் நுழைந்து, இருபத்து நாலுக்கும் இருபத்து மூன்றுக்கும் நடுவில் இருக்கிற சுவரில் காலை வைத்தேன். ருக்மாங்கதன் ஊதினார். தாண்டி சுமனின் அறைக்குள் போனேன். நிற்கவில்லை. இருபத்து இரண்டு, இருபத்தொன்று, இருபது. விசில் தொடர்ந்து அலறியது. திரும்பிப் பார்த்தபோது பராக்கா பின்னால் வந்துகொண்டிருந்தான். அழுதுகொண்டே வந்தான். அவன் பின்னால் பூட்டான் பையன். அப்புறம் எண்ண முடியவில்லை. முப்பத்தொன்பது பேரும் கட்டில்களைத் தூக்கிக்கொண்டு சுவர் சுவராகத் தாண்டி மண்டபத்தின் நடுவுக்கு வந்தார்கள். விசில் நின்றுவிட்டது. ருக்மாங்கதனே ஒரு கட்டிலின் கால்மாட்டைப் பிடித்திருந்தார்.

"இடியுதுய்யா! கட்டடம் இடியுது! எல்லாரும் வெளிய ஓடுங்க!" என்று கத்தியவர் தாளாளர்தான். அவருக்கு வலப்பக்கம் நாலடியில் மண்டபத்தின் நிஜமான பக்கவாசல் திறந்தே இருந்தது. அவர் தலைக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, தாழ்வாரம் வழியாக, இரண்டு திருப்பமும் ஒழுங்காகத் திரும்பி, பிரதான வாசலில் வெளியேறினார். பதிவாளரும் அப்படியே.

ஜனவரி 21

விசாரணை. மூன்று பேர் கொண்ட குழு. மண்டபத்தைப் பார்வையிட்டுவிட்டு வந்திருந்தார்கள். பெயின்ட் கோடு அப்படியேதான் இருக்கிறது என்று ருக்மாங்கதன் சாட்சி சொன்னார். "தாளாளரே நேரில் பார்த்திருக்கிறார்" என்று அதைத் தள்ளுபடி செய்தார்கள். இடிபாடுகளுக்கு நடுவில் மாணவர்கள் இருப்பது ஆபத்து என்பதால் அவர்களை உடனடியாக விருந்தினர் மாளிகைக்கு மாற்ற உத்தரவு. இத்தனை நாளாக யாருக்கும் திறந்துவிடாத மாளிகை. நிஜச் சுவர், நிஜக் கதவு, பெரிய சமையலறை. இடிந்துபோன விடுதிக்கு மாற்றாகப் புதிய விடுதி கட்டவும் ஒப்புதல் ஆகிவிட்டது.

கடைசியில் என்னைக் கேட்டார்கள்.

"முதலில் விழுந்த சுவர் எது?"

"இருபத்து மூணுக்கும் இருபத்து நாலுக்கும் நடுவுல இருக்கறதுங்க."

"காரணம்?"

"வடிவமைப்புக் கோளாறு."

"யாருடைய வடிவமைப்பு?"

"என்னுதுங்க."

எழுதித் தரச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன். பணியிடை நீக்கம். புது விடுதியை வெளியூர் ஆள் ஒருவர் செய்யப் போகிறாராம். கிளம்பும்போது அவருடைய கோப்பில் ஒரு தாளைச் செருகிவிட்டு வந்தேன். நடுவில் சமையலறை, நாற்பது பேரும் நின்று சமைக்கிற அளவு. அதைச் சுற்றி அறைகள். எந்த அறையிலிருந்து எட்டிப் பார்த்தாலும் அடுப்படி தெரியும். கீழே என் பெயர் போடவில்லை.

ஜனவரி 22

காலை ஒன்பது மணிக்கு நானே சுலோச்சனாவுக்குப் போன் பண்ணினேன். கேஸ் தீர்ந்துவிட்டதா என்றாள். இல்லை என்றேன். வேலைக்குப் போகலையா என்றாள். இல்லை என்றேன். வழக்கம்போல இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

"ஐப்பசில மூணு நாள் மாடியில கதவச் சாத்திட்டு இருந்தயே. உனக்கு என்ன பண்ணுச்சு?" என்று கேட்டேன்.

வைத்துவிட்டாளோ என்று நினைத்தேன்.

"நாலாவது நாளாச்சும் கேப்பீங்கன்னு இருந்தனுங்க" என்றாள். "போன்ல சொல்ற சமாச்சாரம் இல்லீங்க. வந்து கேளுங்க."

பதினொன்றேகாலுக்கு உக்கடத்தில் உடுமலை பஸ். வீட்டைப் பூட்டும்போது பக்கத்து வீட்டுக்காரர், வீட்டம்மாவைக் கூட்டி வரப் போறீங்களா என்று விசாரித்தார். கேட்டுவிட்டு வரப் போகிறேன் என்றேன்.